ஐம்பத்து நான்கு படிகள்

1

வன்னியில் எங்கள் ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சென்னையில் போர் விமானம் வந்தால் சனங்கள் மொட்டைமாடிக்கு ஏறுகிறார்கள். குடை, தண்ணீர்ப் போத்தல், பிள்ளைகளுக்குத் தொப்பி எல்லாம் எடுத்துக்கொண்டு ஏறுகிறார்கள். விமானம் தலைக்கு மேலே சாய்ந்து திரும்பும்போது கை தட்டுகிறார்கள். பதினெட்டு வருடமாக இங்கே இருக்கும் எனக்கே கண்ணால் பார்த்த பிறகுதான் நம்ப முடிந்தது.

கடற்கரையில் விமான சாகச நிகழ்ச்சி நடக்கவிருந்தது. அதற்கான ஒத்திகை அந்தப் புதன்கிழமை காலை. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கைபேசியில் குறித்து வைத்திருந்தேன். அன்றைய பட்டியலில் அது நான்காவது. முதல் மூன்றும் அலுவலக வேலை. அடையாறில் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் கட்டமைப்புப் பொறியாளர். தூணுக்கு எத்தனை கம்பி, தளம் எவ்வளவு கனம் என்று கணக்குப் போடுவது என் தொழில். மூன்றாவது வேலையில் இருக்கும்போதே சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பத்து நிமிடத்தில் எங்கள் வேளச்சேரி குடியிருப்பின் காவலாளி முனுசாமி அண்ணன் அழைத்தார்.

"மேடம், கொஞ்சம் சீக்கிரம் வா. உங்கம்மா இன்னா பண்ணிக்கினு கீது தெரியுமா? மாடிப்படி கீழ பூந்துக்கினு வெளிய வரமாட்டேங்குது. நஸ்ரின் அக்கா வூட்டு கொயந்தயயும் இஸ்துக்கினு போய்ட்சு."

நான் போய்ச் சேர்ந்தபோது படிக்கட்டுக்கு முன்னால் ஒரு கூட்டம். படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்கும் மின் மீட்டர் பெட்டிக்கும் நடுவில் அம்மா குப்புறப் படுத்திருந்தார். நெஞ்சு தரையில் படாமல் முழங்கைகளை ஊன்றி, இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டாம் மாடி நஸ்ரினின் நான்கு வயது மகள் ஆயிஷாவும் அதே மாதிரி படுத்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சிரித்தாள். அவளுக்கு அது விளையாட்டு.

"அம்மா, வெளியில வாங்கோ."

"இன்னும் ஒரு சுத்து இருக்கு. போட்டுத் திரும்பி வருவான்."

"அது இந்த நாட்டு விமானம் அம்மா. வேடிக்கைக்கு விடுறாங்கள்."

"எங்களுக்கு மேல போட்டவனும் எங்கட நாட்டுக்காரன்தானே" என்றார் அம்மா, தலையைத் தூக்காமலே.

அவர் சொன்னபடியே அது இன்னொரு சுற்று வந்தது. மொட்டைமாடியில் விசில் அடித்தார்கள். அம்மாவின் கை ஆயிஷாவின் தலையைத் தரையோடு அழுத்தியது.

பிறகு நஸ்ரின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அக்கா, உங்க அம்மாவ நான் தப்பா சொல்லல. ஆனா படியில விளையாடின பிள்ளைய இழுத்துத் தரையில போட்டு மேலேயே படுத்துட்டாங்க. முழங்கை பாருங்க, எப்படி சிராய்ச்சிருக்குன்னு." நான் மன்னிப்புக் கேட்டேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா. அடுத்த வாட்டி இப்படி ஆச்சுன்னா நான் உங்க ஹவுஸ் ஓனர்கிட்ட பேச வேண்டியிருக்கும்" என்றார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்று நான் மொத்தம் ஐந்து பேரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஐந்தாவது, பாதியில் எழுந்து வந்ததற்காக என் மேலாளரிடம்.

2

இங்கே ஒரு விளக்கம் தேவை. எங்கள் வீடு விமான நிலையத்துக்குப் பக்கம். பயணிகள் விமானம் நாள் முழுவதும் கூரைக்கு மேலே இறங்குகிறது, அம்மா நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. "உது சனம் ஏத்துறது" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவுவார். போர் விமானத்தின் இரைச்சலை மட்டும் அவர் உடம்பு பிரித்து அறியும். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தச் சத்தத்துக்கு ஓட வேண்டும், எந்தச் சத்தத்துக்கு உலையை இறக்காமல் இருக்கலாம் என்று வன்னியில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே அதை யாரிடமாவது சொன்னால், "ஐயோ பாவம்" என்பார்கள், அல்லது "சினிமா மாதிரியே இருக்கே" என்பார்கள். இரண்டில் எது மோசம் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அம்மாவிடம் ஒரு பச்சைத் துணிப்பை உண்டு. வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். உள்ளே அம்மா, நான், தங்கை மூவரின் அகதிப் பதிவு அட்டைகள், என் பட்டச் சான்றிதழ், அப்பாவின் ஒரேயொரு படம், மெழுகுதிரி, தீப்பெட்டி, ஒரு பொட்டலம் சீனி. எல்லாம் பொலித்தீன் உறையில். சீனியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவார். இந்த நகரத்தில் நான்கு வீடு மாறிவிட்டோம், நான்கும் தரைத்தளம். மாடி வீடு என்ற பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து குசினிக்குப் போய்விடுவார்.

வேளச்சேரியில் தரைத்தளம் என்றால் என்ன என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். இது ஏரி இருந்த பக்கம். மழை பெய்தால் தண்ணீர் பழைய இடத்துக்குத் திரும்பி வருகிறது. இரண்டு வருடம் முன்பு ஐப்பசி மழையில் ஒரு முற்பகலில் தெருவில் கணுக்காலுக்கு வந்த தண்ணீர், முனுசாமி அண்ணன் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் இடுப்புக்கு ஏறியது. நான் அடையாறில் மாட்டிக்கொண்டேன், பாதை இல்லை. தங்கை கல்லூரியில். தொலைபேசியில் அம்மா என்னிடம், "மழைதானே பிள்ளை, வடிஞ்சிடும்" என்றார். கட்டில் நனையத் தொடங்கியபோதும் மேலே போகவில்லை. கடைசியில் முனுசாமி அண்ணன் தெருவிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். படிக்கட்டின் நாலாவது படியில் உட்கார்ந்து, "இது காணும்" என்றாராம். நல்ல வேளையாகத் தண்ணீர் மூன்றாவது படியோடு நின்றது.

அந்த ஒரு அழைப்புக்குப் பிறகு நாள் முழுவதும் நான் அலுவலக வரவேற்பறையில் நின்று ஒரே எண்ணை அழைத்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்கவில்லை. அம்மாவை உயரமான இடத்துக்கு மாற்றியே தீருவது என்று அன்றுதான் முடிவெடுத்தேன். போன வருடம் வீடு கிடைக்கவில்லை, நல்ல காலம் மழையும் பெரிதாக இல்லை. நாலாவது படியை நம்பி இன்னொரு ஐப்பசியை என்னால் கடக்க முடியாது. விமான ஒத்திகை நடந்த அந்தப் புதன்கிழமைக்கும் மழைக்கும் நடுவில் மூன்று வாரம் இருந்தது.

3

வீடு தேடுவதைப் பற்றித் தனியே ஒரு புத்தகம் எழுதலாம், யாரும் வாசிக்க மாட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். நான் எழுதி வைத்த நிபந்தனைகள்:

குறைந்தது முதல் மாடி.
இரண்டு அறை.
மழையில் தெருவில் தண்ணீர் நிற்கக் கூடாது.
சிலோன் என்று சொன்ன பிறகும் வீட்டுக்காரர் தொலைபேசியை எடுக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையில்தான் பாதிக்கு மேல் அடிபட்டன. அகதி முகாமுக்கு வெளியே இருக்கும் நாங்கள் வீடு மாறினால் பழைய இடத்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, புதிய இடத்தில் மறுபடி பதிய வேண்டும். வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து என்றதும் எல்லோருக்கும் திடீரென்று வெளிநாட்டிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்துவிடுகிறான், வீடு தேவைப்படுகிறது. தி. நகரில் ஒருவர் முன்பணம் வரை பேசிவிட்டு, என் பேச்சில் எங்கோ நாக்கு ஊர்ப்பக்கம் சறுக்கியதும் நிறுத்தினார். "நீங்க கேரளாவா?" இல்லை என்றேன். "அப்புறம்?" சொன்னேன். மகன் வந்துவிட்டான்.

படிவம் இன்னொரு பாடு. தங்கை தர்சினி ஒன்றரை வயதில் படகில் வந்தவள். அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, பிறந்த ஆஸ்பத்திரியும் இல்லை. ஆஸ்பத்திரிக் கூரையில் பெரிதாகச் சிவப்புச் சிலுவை வரைந்திருந்தார்கள், மேலிருந்து நன்றாகத் தெரியட்டும் என்று. தெரிந்தது. பதிவேடுகளும் அதோடு போயின. இதை முகவரி மாற்றப் படிவத்தோடு ஒரு அலுவலக மேசையில் நான் மூன்றாவது முறையாக விளக்கினேன்.

"சரிம்மா, புரியுது" என்றார் அந்த அலுவலர். கெட்டவர் இல்லை, எனக்கு நாற்காலி கூடக் காட்டினார். "அந்த ஆஸ்பத்திரி இப்ப இல்ல. அதானே?"

"ஆமா சார்."

"அப்ப இல்லன்னு அந்த ஆஸ்பத்திரியில இருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். "இல்லன்னா... நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட்" என்றார். அதுதான் ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்தேன். அதே படிவத்தில் 'இந்தியா வந்ததற்கான காரணம்' என்று ஒரு கட்டம். என் சுண்டுவிரல் அகலம். பதினெட்டு வருடமாக அதில் 'போர்' என்று எழுதுகிறேன். வேறு எதுவும் அடங்காது.

4

ஒத்திகைக்கு மறுநாள் வியாழக்கிழமை ஓர் ஆச்சரியம் நடந்தது. அபிராமபுரத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். சொந்தக்காரர் வைதேகி மாமி, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை, முதல் மாடியில் தனியாக இருக்கிறார். தரையில் கார் ஷெட் மட்டும். மூன்றாம் மாடி காலி. லிஃப்ட் கிடையாது. நான் அம்மாவையும் கூட்டிப் போனேன்.

"ஆத்துல யாரெல்லாம் இருக்கேள்?"

"நான், அம்மா, தங்கச்சி. நாங்க சிலோன்ல இருந்து வந்தவங்க மாமி. ஸ்டேஷன்ல பதியணும், உங்க கையெழுத்து வேணும்." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். எப்படியும் போகப் போகிறது, சீக்கிரம் போகட்டும்.

"போட்டாப் போறது. எனக்குத்தான் பேனா பிடிக்கக் கை இருக்கே" என்றார் மாமி. "தண்ணி வீணாக்கப்படாது. சாயங்காலத்துல ட்யூஷன் பசங்க வருவா, சத்தம் போட்டுண்டு இருக்கப்படாது. அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்கோ, இன்னொருத்தரும் கேட்டுண்டிருக்கா."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அதைச் சமாளிக்கக் குசினிக் குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைச் சோதித்தேன். நன்றாக வந்தது. தளத்தைப் பார்த்தேன், விரிசல் இல்லை. திரும்பினால் அம்மாவைக் காணவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கீழே போய்க்கொண்டிருந்தது. இப்படித்தான் தி. நகரிலும் செய்தார், கொட்டிவாக்கத்திலும் செய்தார். வீட்டுக்காரர் அறையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே சொல்லாமல் இறங்கிப் போய்விடுவார். நான்தான் அசடு வழிய நிற்க வேண்டும்.

"அம்மாவுக்குப் பிடிக்கலையா?" என்றார் மாமி.

"கொஞ்சம் தலைசுத்து" என்றேன்.

கீழே கார் ஷெட்டில் அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார். வீடு எப்படி என்று கேட்டேன். "எங்களுக்குச் சரிவராது." ஏன்? "சரிவராது எண்டுறன்."

அன்று மாலை தர்சினி தன் கைபேசியை நீட்டினாள். புதன்கிழமை மொட்டைமாடியில் விசில் அடித்தவர்களில் அவளும் ஒருத்தி என்பதை அப்போதுதான் அறிந்தேன். கீழே அம்மா படுத்திருக்கிறார், மேலே மகள் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். விமானம் வெயிலில் மின்னித் திரும்புவதை மெதுவாக ஓடவிட்டு, பாட்டுச் சேர்த்திருந்தாள். இருபது வயது ஆகப்போகிறது, காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். கல்லூரியில் அவள் பெயர் தர்ஷ்.

"செம்மயா வந்துருக்குல்லக்கா? லைட்டு சும்மா அள்ளுது."

"அம்மா கீழ கிடந்தது தெரியாதா உனக்கு?"

"சத்தியமா தெரியாதுக்கா. முனுசாமி அண்ணா சொன்னதும்தான் ஓடியாந்தேன், அதுக்குள்ள நீ வந்துட்ட." கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "அதுக்காக நான் எடுத்தத அழிக்கணுமா? எனக்கு அது வெறும் ப்ளேன்க்கா. எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல, நான் இன்னா பண்ணுவேன்?"

ஞாபகம் இல்லாதது அவள் குற்றமில்லை. பதுங்குகுழிக்குள் அவளை அம்மா மடியில் குப்புறப் போட்டு, அழாமலிருக்க விரலில் சீனியைத் தொட்டு வாயில் வைத்ததைச் சொன்னால், "ஓ" என்பாள். அவளுக்குச் சீனி பிடிக்காது.

5

வெள்ளிக்கிழமை மாலை நான் பொறுமையிழந்தேன். அம்மா பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து காரணங்களை ஒன்று, இரண்டு என்று அடுக்கினேன். தெரு மேடு. வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுகிறார். என் அலுவலகம் பக்கம். தளத்தை நானே பார்த்தேன். இரண்டு வருடம் முன்பு தண்ணீர் மூன்றாவது படிக்கு வந்தது, இந்த வருடம் ஐந்தாவதுக்கு வந்தால் என்ன செய்வது?

"நீங்கள் ஒரே ஒரு காரணம் சொல்லுங்கோ. ஒண்டே ஒண்டு."

அம்மா காயைக் கீழே வைக்கவில்லை. "அம்பத்தி நாலு படி" என்றார்.

"என்ன?"

"நீ குழாயைத் திறந்து திறந்து பாத்துக்கொண்டு நிண்டனி. நான் இறங்கிப் பாத்தனான். அம்பத்தி நாலு படி. எனக்கு எழுவது எண்ண வேணும். முழங்கால் பிடிச்சா எம்பது. அவனுக்கு இருவது காணும்."

அவன் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். இரைச்சல் கேட்டதிலிருந்து குண்டு விழும் வரை இருபது எண்ணலாம். எங்கள் வீட்டுக் குசினியிலிருந்து பதுங்குகுழிக்குப் பதினொரு எட்டு.

"தி. நகர் வீடு முப்பத்தாறு படி, ஆனா படி உயரம் கூட" என்று அம்மா தொடர்ந்தார். "கொட்டிவாக்கம் நாப்பது, திருப்பத்தில இருட்டு. இந்த மாமியின்ர படிதான் நல்ல படி, அகலம். எண்டாலும் அம்பத்தி நாலு."

வீடு பார்க்கப் போன இடமெல்லாம் நான் குழாயைச் சோதித்தபோது அவர் படியைச் சோதித்திருக்கிறார். இவ்வளவையும் ஒரு தாளும் இல்லாமல் மனதில் வைத்திருக்கிறார். அலுவலகத்தில் என் பட்டியல்களைக் கேலி செய்வார்கள், இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

ஆனால் அப்போது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "இஞ்ச ஒருத்தனும் குண்டு போடமாட்டான் அம்மா!"

"பள்ளிக்கூடத்துக்குப் போடமாட்டான் எண்டும்தான் சொன்னவை."

"வெள்ளம் வரும். அது நிச்சயமா வரும். மழைக்கெண்டுதான் மேல போகச் சொல்லுறன்."

அம்மாவின் கை நின்றது. "மழை வரப்போகுது எண்டுதான் அவரும் மேல ஏறினவர்" என்றார்.

அப்பா எப்படி இறந்தார் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் தெரிந்துகொண்டது. மாரிக்கு முன் பள்ளிக்கூடக் கூரைக்குத் தறப்பாள் கட்ட ஊரவர்கள் சேர்ந்தார்கள். நல்ல வெயில். கீழே நின்றவர்கள் இரைச்சல் கேட்டதும் அகழிக்குள் பாய்ந்தார்கள். அப்பா கூரையில் நின்றார். ஏணியில் பாதி இறங்கியிருந்தார் என்று சொன்னார்கள். இதை நான் சான்றுறுதிப் பத்திரங்களில் எத்தனையோ தடவை ஒரு வரியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஏணியையும் நாங்கள் குடியிருந்த தரைத்தளங்களையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்ததே இல்லை.

அம்மா காயை முறிக்கத் தொடங்கினார். மாமியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வேறு வழி எதுவும் என் பட்டியலில் இல்லை.

6

சனிக்கிழமை விடிந்தபோது வானம் மூடியிருந்தது. மழை இல்லை, வெயிலும் இல்லை. எழுந்து வந்தால் அம்மா சேலை மாற்றி, தலை வாரி, கடைப் பையோடு நின்றார். "மயிலாப்பூருக்குப் போட்டு வாறன். நல்ல நாளாக் கிடக்கு" என்றார். கதவுக்குப் பின்னால் பச்சைப் பை ஆணியிலேயே தொங்கியது.

"பஸ்ஸா?" என்று கேட்டேன்.

"இல்லை, ரயில்."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். நான் சினத்தோடு பல் துலக்கப் போனேன். இரண்டு நாள் முன்பு படிக்கட்டுக்குப் பயந்தவர் இன்று பறக்கும் ரயிலில் போகிறார். அதன் நிலையங்கள் எல்லாம் தூண்களின் மேல், தெருவுக்கு மேலே எங்கேயோ இருக்கின்றன. அங்கே ஏற எத்தனை படி!

"இந்த அம்மாவோட நான் என்னதான் செய்யுறது?" என்று உரத்துச் சொல்லிவிட்டேன்.

படுக்கையில் கிடந்த தர்சினி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "ட்ரெயின்லயா போச்சு?"

"ஓம்."

"அப்ப மேகமா இருக்கா?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"மேகமா இருந்தா ட்ரெயின், வெயில் அடிச்சா பஸ். எப்பவுமே அப்டித்தானக்கா. நீ கவனிச்சதே இல்லியா? நான் ஷூட்டுக்கு வெளிச்சம் பாப்பேன்ல, எனக்கு எப்ப லைட் சொதப்புதோ அன்னிக்கு நம்ம அம்மா குஷியா கிளம்பும்."

பல்துலக்கியோடு அப்படியே நின்றேன். உங்களில் பலர் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள், நான்தான் மந்தம். முகில் மூடிய நாளில் அவன் வரமாட்டான். மேலிருந்து ஒன்றும் தெரியாது. வன்னியில் முகில் நாட்களில்தான் சந்தை கூடும். முகில் நாளில் தோய்த்த உடுப்பைக் காயப் போடுவார்கள், காயாது என்று தெரிந்தும். எங்கள் வகுப்புச் சோதனை முகில் நாளுக்குத் தள்ளிப் போகும். மழை பெய்தால் பிள்ளைகள் குழிக்குள் இல்லாமல் வீட்டுக்குள் படுத்து உறங்குவோம். இதெல்லாம் எனக்கும் நினைவு இருந்தது. அம்மாவின் பஸ்ஸோடு சேர்த்துப் பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை, எதுவும் நினைவில்லாத தர்சினி பார்த்துவிட்டாள்.

இரண்டு வருடம் முன்பு வெள்ளத்தில் அம்மா மேலே போகாததை நான் பயம் என்று எழுதி வைத்திருந்தேன். அது பயமே இல்லை. அவருக்கு அது பாதுகாப்பான நாள். அதனால்தான் கட்டிலில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

பகலில் அம்மா கத்தரிக்காயும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு வந்தார். நான் வாசலிலேயே கேட்டேன்.

"அம்மா, மழைக்குள்ள அவன் வருவானா?"

"மழைக்குள்ள எப்பிடி வாறது? ஒண்டும் தெரியாதே அவனுக்கு."

"அப்ப வெள்ளம் வாற நாளில நீங்கள் மூண்டாம் மாடியில இருந்தா என்ன?"

அம்மா பையை இறக்கினார். செருப்பைக் கழற்றினார். "வெள்ளம் படிப்படியாத்தானே பிள்ளை வருது" என்றார். "பாத்துப் பாத்து ஏறலாம்."

"அண்டைக்கு நீங்கள் பாத்து ஏறேல்லை. முனுசாமி அண்ணன் வந்து இழுத்தவர். அவர் பத்து நிமிசம் பிந்தியிருந்தா? நான் போன் எடுத்துக்கொண்டே நிண்டனான் அம்மா. நாள் முழுக்க."

"வெயில் வந்தா?" என்று அம்மா கேட்டார்.

"வெயில் வந்தா கீழ போங்கோ. நான் மறிக்கமாட்டன்."

"கீழ எங்க இருக்கிறது?"

மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். இதை ஒரு வீட்டுச் சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அம்மாவுக்கு மாடி பயம், பகலில் வெயில் நேரத்தில் கார் ஷெட்டில் உட்கார்ந்துகொள்ளலாமா என்றேன்.

"கார் வித்து அஞ்சு வருஷம் ஆறது. ஷெட் சும்மாதான் கிடக்கு" என்றார் மாமி. "ஒரு பெஞ்ச் இருக்கு, போட்டுக்கச் சொல்லுங்கோ. எனக்கும் பேச்சுத் துணையாச்சு. எப்போ வரேள்?"

அம்மாவைப் பார்த்தேன். அம்மா சன்னல் வழியே மேலே பார்த்தார். "முகில் மூடின நாளில" என்றார்.

7

ஊரில் இருப்பவர்களே, சென்னையில் முகிலுக்காகக் காத்திருப்பது எவ்வளவு எரிச்சலான காரியம் என்று உங்களால் ஊகிக்க முடியாது. சாமான் ஏற்றும் வண்டியை இரண்டு தடவை பேசி இரண்டு தடவை மாற்றினேன். இரண்டு நாளும் வெயில் பளீரென்று அடித்தது. வண்டிக்காரர், "மேடம், எல்லாரும் மழை வந்தா வேணாம்பாங்க. நீங்க இன்னா, வெயில் அட்ச்சா வேணாங்குறீங்க?" என்றார். கைபேசியில் வானிலைப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் வலித்தது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது.

மாமி தொலைபேசியில் பதறினார். "செவ்வாய்க்கிழமையா? அன்னிக்கு அஷ்டமி வேற! நல்ல நாள் பாத்தேளோ இல்லையோ?"

"பாத்துட்டோம் மாமி" என்றேன். அது பொய் இல்லை.

தூறலில் குடிபோனோம். நனைந்த மெத்தையோடு, நனைந்த பெட்டிகளோடு. நஸ்ரின் ஆயிஷாவைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தாள். ஆயிஷாவின் முழங்கைச் சிராய்ப்பு ஆறித் தோல் வந்திருந்தது. வண்டி கிளம்பும்போது அவள் இரண்டு காதையும் பொத்தி வாயைத் திறந்து காட்டினாள். அம்மாவும் வாயைத் திறந்து காட்டினார். நஸ்ரின் சிரித்துவிட்டாள். அபிராமபுரத்தில் அம்மா ஐம்பத்து நான்கு படியையும் பச்சைப் பையோடு ஏறினார். இடையில் இரண்டு முறை உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

முகவரி மாற்றம் இன்னும் ஆகவில்லை. அந்த அலுவலர் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் ஆஸ்பத்திரிக் கதையை முதலிலிருந்து கேட்கிறார்.

இன்று நான்காவது நாளாக மழை. பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை. வேளச்சேரியில் படிக்கட்டின் ஆறாவது படி வரை தண்ணீர் என்று முனுசாமி அண்ணன் காலையில் சொன்னார். நான் இரண்டாவது முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஆறாவது. அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளை?" என்று கேட்டார். நஸ்ரின் வீடு இரண்டாம் மாடி, ஒன்றும் இல்லை என்றேன். தலையாட்டினார். பிறகு தேநீர்க் கோப்பையோடு பால்கனியில் நாற்காலி போட்டு, சாரலில் கால் நனைய, உட்கார்ந்திருந்தார். நகரம் முழுவதும் மழையைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தரையிலிருந்து முப்பது அடி உயரத்தில், அம்மா இவ்வளவு சாவகாசமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் உள்ளே இருந்து இதை உங்களுக்கு எழுதத் தொடங்கினேன்.

பதினொரு மணிபோல மழை விட்டது. தர்சினி கைபேசியோடு பால்கனிக்குப் போனாள். படம் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, வானத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பார்த்தாள்.

"மா, பீச் பக்கம் கொஞ்சம் நீலம் தெரியுது."

"எவ்வளவு?"

"ஒரு முழம் இருக்கும். காத்து இந்தப் பக்கம்தான் அடிக்குது. அரை மணி நேரத்துல இங்க வந்துடும்."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து கதவுக்குப் பின்னாலிருந்து பையை எடுத்தார். "சரி, வாறன். கீழ மாமி பெஞ்சைத் துடைச்சுப் போட்டிருப்பா."

"இரும்மா, தனியா போகாத, படி ஈரம்" என்று தர்சினி ஒரு கையில் செருப்பும் மறு கையில் அவரிடமிருந்து வாங்கிய பையுமாக அவர் பின்னால் போனாள். படிக்கட்டில் அம்மாவின் குரல் எண்ணத் தொடங்கியது. நாலாவது எண்ணிலிருந்து அவள் குரலும் சேர்ந்துகொண்டது. நான் எழுதுவதை நிறுத்திக் கைபேசியில் வினாடிக் கணக்கை ஓடவிட்டேன்.

அறுபத்தாறு. அம்மா சொன்ன எழுபதுக்கு நான்கு குறைவு.